தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு: மறுபடி வண்டி ஓட்டும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

தலையில் அடிபட்டு மீண்டவரும் அவர் வீட்டாரும் ஒரு தேதியைத் தேடித்தான் வருகிறார்கள்: "எந்த நாளிலிருந்து வண்டி ஓட்டலாம்?" அந்தத் தேதி கடைசிப் படியில்தான் கிடைக்கும். வந்தது வலிப்புதானா, அடிபட்டு எத்தனை நாள் கழித்து வந்தது, மூளையில் எந்த இடத்தில் காயம், கடைசி வலிப்பு உண்மையில் எந்த நாளில் வந்தது என்பதெல்லாம் முதலில் தெளிவாக வேண்டும்.

பல குடும்பங்கள் உரிம அலுவலகத்தில் ஆரம்பித்து, காகிதம் போதாமல் மருத்துவமனைக்குத் திரும்பி, அங்கே "கடைசியாக எப்போது வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் காத்திருந்தது வீணாகிறது. கீழே உள்ள வரிசையில் போனால் அந்த அலைச்சல் குறையும். சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் நரம்பியல் மருத்துவருடையது. அவர் சரியான முடிவெடுக்க உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்

வலிப்பு என்று உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டாம். "ஒரு முறைதான் மயங்கினார், என்னவென்று தெரியவில்லை" என்ற நிலையிலேயே சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கார், பைக், ஸ்கூட்டர், டிராக்டர் எல்லாம் இதில் அடங்கும். பக்கத்துத் தெருவரைக்கும்தானே என்ற விலக்கும் கிடையாது.

காரணம் எளிய கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அரை நிமிடத்தில் 500 மீட்டர் கடந்துவிடும். நினைவு மங்கும் வலிப்பு பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம்வரை நீடிக்கும். அவ்வளவு தூரம் யாரும் ஓட்டாத வண்டியாக அது போகும்.

இதே காலத்தில் தனியாக நீந்துவது, ஏணியில் ஏறுவது, சுழலும் இயந்திரத்தில் வேலை செய்வது ஆகியவற்றையும் தள்ளி வையுங்கள். வேலைக்குப் போக மாற்று ஏற்பாட்டை முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். போக வழியில்லாமல் தவிக்கும்போதுதான் "இன்று ஒரு நாள் மட்டும்" என்று சாவி கைக்குத் திரும்புகிறது.

2. காயத்தின் காகிதங்களைச் சேருங்கள்

அடிபட்ட அன்று சேர்த்த மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, முடிந்தால் ஸ்கேன் படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றை வாங்குங்கள். அதில் இந்த விவரங்கள் இருக்கின்றனவா பாருங்கள்: எவ்வளவு நேரம் நினைவிழந்திருந்தார், மண்டையோடு உடைந்ததா, மூளைக்குள்ளோ மேலுறைக்குக் கீழோ ரத்தம் கட்டியதா, ஏதாவது பொருள் மண்டையைத் துளைத்து உள்ளே போனதா.

இன்னொரு விவரம் காகிதத்தில் பெரும்பாலும் இருக்காது, வீட்டாருக்குத்தான் தெரியும். அடிபட்டபின் எத்தனை நாள் நடப்பவை மனதில் பதியாமல் இருந்தார்? கண் விழித்துப் பேசியிருப்பார், ஆனால் காலையில் வந்தவரை மாலையில் நினைவிருக்காது. தொடர்ச்சியான நினைவு என்று திரும்பியது என்பதை யோசித்து எழுதி வையுங்கள். காயத்தின் ஆழத்தை அளக்க இது முக்கியமான அளவுகோல்.

இவ்வளவும் எதற்கு? வலிப்பு வரும் வாய்ப்பு காயத்தின் ஆழத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது. 1998-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், அடிபட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் வலிப்பு வந்தவர்கள் லேசான காயத்தில் 0.7 சதவீதம், நடுத்தரக் காயத்தில் 1.2 சதவீதம், கடுமையான காயத்தில் 10 சதவீதம். ஒரு நாளுக்கு மேல் நினைவிழப்பு, மூளைக் கன்றல், மூளை உறைக்கடியில் ரத்தக்கட்டு ஆகியவற்றை அந்த ஆய்வு கடுமையான காயமாக எடுத்துக்கொண்டது. துளைத்துச் சென்ற காயங்களில் வாய்ப்பு இன்னும் மிக அதிகம். போரில் காயம்பட்ட வீரர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வலிப்பு வந்திருக்கிறது.

3. அடிபட்டதற்கும் வலிப்புக்கும் இடையிலான நாட்களை எண்ணுங்கள்

ஒரு தாளில் இரண்டு தேதி எழுதுங்கள்: அடிபட்ட தேதி, முதல் வலிப்பு வந்த தேதி. இடைவெளி ஏழு நாளுக்குள்ளா, அதற்கு மேலா?

ஏழு நாளுக்குள் வந்தால் அது முன்வலிப்பு. வீக்கம், ரத்தக் கசிவு, உப்புச்சத்து மாற்றம் என்று அந்த நேரத்துக் கலவரத்தால் மூளை கொடுத்த எதிர்வினையாக அது கொள்ளப்படும். பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பை அது கூட்டலாம். ஆனால் அதை மட்டும் வைத்து வலிப்பு நோய் என்று சொல்வதில்லை.

ஏழு நாள் கடந்து, வேறு உடனடிக் காரணம் இல்லாமல் வந்தால் அது பின்வலிப்பு; அங்கே கதை வேறு. காயம் ஆறிய இடத்தில் உருவான தழும்புதான் அப்போது வலிப்பைக் கிளப்புகிறது. மறுபடி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், ஒரே ஒரு பின்வலிப்பை வைத்தே பல மருத்துவர்கள் வலிப்பு நோய் என்று முடிவு செய்து மருந்தைத் தொடங்குவார்கள். அடுத்த பத்து ஆண்டில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு வலிப்பே போதும் என்பது 2014 முதல் உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. மருத்துவமனையில் முதல் வாரம் வலிப்பு மருந்து கொடுத்திருப்பார்கள். "அப்போதே மருந்து போட்டாயிற்று, இனி வராது" என்று குடும்பம் நம்பிவிடும். ஃபெனிடாயின் மருந்தை வைத்து 1990-இல் வெளியான ஆய்வு காட்டியது இதுதான்: முதல் வார வலிப்பை அது குறைக்கும், பின்னால் வருவதைத் தடுக்காது. ஒரு வாரத்தோடு நிறுத்துவதும் அதனால்தான்.

பின்வலிப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுக்குள் தலைகாட்டிவிடும். கடுமையான காயத்தில் பத்து ஆண்டு தாண்டியும் வாய்ப்பு முழுதாக மறையாது.

4. கண்ணில் படாத வலிப்புகளைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் எதையாவது இரண்டு முறை படிக்க வேண்டுமென்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். "வலிப்பில்லாமல் எட்டு மாதம்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கீழே விழுந்து கைகால் உதறிய வலிப்பை மட்டுமே எண்ணியிருப்பார்கள். தலைக்காயத்தில் மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பக்கமும்தான் அதிகம் அடிபடுகின்றன. உள்ளே அந்த இடங்களில் மண்டையோட்டின் எலும்பு கரடுமுரடாக இருப்பது அதற்கு ஒரு காரணம். அந்தப் பகுதிகளிலிருந்து கிளம்பும் வலிப்பு பல நேரம் விழவைக்காது.

பொட்டுப் பக்க வலிப்பில் ஆள் உட்கார்ந்த இடத்திலேயே வெறித்துப் பார்ப்பார். கூப்பிட்டால் பதில் இருக்காது. உதட்டைச் சப்புவார், சட்டை நுனியைப் பிசைவார். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்து, கொஞ்சம் குழம்பி, பிறகு சாதாரணமாகிவிடுவார். நடந்தது அவருக்கு நினைவே இருக்காது. அதனால் "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று அவர் மனதாரச் சொல்வார், அது பொய்யில்லை. வீட்டாரோ தலையில் அடிபட்டதிலிருந்து இப்படித்தான், ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று விட்டுவிடுவார்கள்.

முன்பகுதி வலிப்பு தூக்கத்தில் வருவது சகஜம். சில விநாடி கைகால் அடித்துக்கொண்டு, ஏதோ முனகி, மறுபடி தூங்கிவிடுவார். தனியாகப் படுப்பவர் என்றால் யாருக்கும் தெரியாது. காலையில் நாக்கின் ஓரத்தில் கடிபட்ட புண், தலையணையில் ரத்தக்கறை, படுக்கை நனைந்திருப்பது, காரணமில்லாத உடம்புவலி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது வகையை நோயாளி மட்டுமே சொல்ல முடியும். வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது போன்ற உணர்வு, இல்லாத நாற்றம், புதிய இடத்தில் "இதை முன்பே பார்த்திருக்கிறேன்" என்ற திடீர் நிச்சயம், காரணமற்ற பயம். சில விநாடியில் போய்விடும். இது வெறும் முன்னறிகுறி இல்லை, சிறிய அளவில் வந்த வலிப்பேதான். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நாட்குறிப்பு வையுங்கள். தேதி, மணி, பார்த்தவர் பெயர், என்ன பார்த்தார், எவ்வளவு நேரம், முந்தைய இரவு எத்தனை மணி தூக்கம், மாத்திரை விட்டுப்போனதா என்று எழுதுங்கள். ஒன்றும் நடக்காத நாளிலும் "இல்லை" என்று எழுதுங்கள். வெற்று நாள் என்றால் வலிப்பு வரவில்லையா, எழுத மறந்தீர்களா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சந்தேகமான நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஊஞ்சல்" மாதிரி ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, தெளிந்தபின் அது என்ன சொல் என்று கேளுங்கள். யோசனையில் இருந்தவர் சொல்லிவிடுவார். போனில் வீடியோ எடுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். அரை நிமிட வீடியோ மருத்துவருக்குப் பத்து நிமிட வர்ணனையைவிட உதவும்.

மாதக் கணக்கு எல்லாம் இந்த நாட்குறிப்பின் மேல்தான் நிற்கிறது. மறைத்த ஒரு சின்ன வலிப்பு, அதற்கு முன்னால் காத்திருந்த அத்தனை மாதங்களையும் பொய்யாக்கிவிடும். ஆகவே எழுதுபவரைத் திட்டாதீர்கள். "நீ எழுதியதால்தான் என்னால் ஓட்ட முடியவில்லை" என்ற பேச்சு எழுந்த வீடுகளில் நாட்குறிப்பு சீக்கிரமே வெறும் "இல்லை"களால் நிரம்பிவிடுகிறது.

5. மருத்துவரிடம் பார்த்தவரை அழைத்துப் போங்கள்

நோயாளி தனியாகப் போனால் வலிப்பைப் பற்றிய பாதித் தகவல் வீட்டிலேயே தங்கிவிடும். பார்த்தவர் வர முடியாவிட்டால் போனில் பேசவாவது தயாராக இருக்கட்டும்.

இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) சாதாரணமாக இருந்தது என்பதற்காக வலிப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எடுத்த அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது என்பதுதான் அதன் பொருள். தேவைப்பட்டால் தூக்கம் குறைத்து எடுப்பார்கள், நீண்ட நேரம் வீடியோவோடு பதிவு செய்வார்கள். பழைய தழும்பையும் பழைய ரத்தக் கசிவின் தடத்தையும் சி.டி. ஸ்கேனைவிட எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும்.

வந்ததெல்லாம் வலிப்பாகவும் இருக்காது. ரத்த அழுத்தம் சட்டென இறங்கி வரும் மயக்கம், இதயத் துடிப்புக் கோளாறு, மன அழுத்தத்தால் உடல் தானாக உதறும் நிலை ஆகியவை வலிப்பைப் போலவே தெரியும். கடைசியில் சொன்னது தலைக்காயத்துக்குப் பின் அடிக்கடி காணப்படுகிறது. அது நடிப்பு இல்லை, ஆனால் வலிப்பு மாத்திரை அதற்கு உதவாது. ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநர் விதி தனித்தனியாக இருப்பதால் பெயர் சரியாக வேண்டும்.

கிளம்பும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வலிப்பின் வகை, காரணம், கடைசி வலிப்பின் தேதி, மருந்துத் திட்டம், காத்திருப்பு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது. வாய்வார்த்தை உரிம அலுவலகத்தில் செல்லாது.

6. மருந்தை ஒரே சீராகக் கொண்டுபோங்கள்

வலிப்பு திரும்புவதற்கு மிகச் சாதாரணமான காரணம் விட்டுப்போன மாத்திரை. தலைக்காயம் நினைவையும் பாதித்திருப்பதால் "ஞாபகமாகப் போட்டுக்கொள்" என்பது போதாது. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி, போன் அலாரம், சரிபார்க்க ஒரு ஆள் என மூன்றும் வேண்டும்.

பக்கவிளைவைப் பொறுத்துக்கொண்டு மறைக்காதீர்கள். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். முன்மூளை அடிபட்டவருக்கு ஏற்கெனவே அந்தத் தொல்லை இருக்கலாம். கார்பமசெபைன் இரட்டைப் பார்வையைத் தரலாம், ஃபெனிடாயின் அளவு கூடினால் நடை தள்ளாடும். வலிப்பு நின்றிருந்தாலும் இந்த நிலையில் ஓட்டக் கூடாது.

தூக்கக் குறைவும் மதுவும் வலிப்பை இழுத்து வரும். வலிக்குக் கொடுக்கும் டிராமடால், மனச்சோர்வுக்கான புப்ரோப்பியான் ஆகியவையும் வலிப்பு வரும் வரம்பைத் தாழ்த்தி, அதை எளிதில் வரவைக்கும். புதிய மருந்து எது எழுதினாலும் "எனக்கு வலிப்பு உண்டு" என்று முதலில் சொல்லுங்கள்.

"ஒரு வருடமாக வரவில்லை, இனி எதற்கு மாத்திரை?" என்று தானாக நிறுத்துபவர்கள் பலர். வலிப்பு நின்றிருந்தவர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், மருத்துவர் மேற்பார்வையில் மெதுவாக நிறுத்தியவர்களில் 41 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் வலிப்பு திரும்பியது. தொடர்ந்தவர்களில் 22 சதவீதம். மூளையில் தழும்பு இருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவரே குறைத்தாலும், குறைக்கும் காலத்திலும் நிறுத்தியபின் ஆறு மாதமும் ஓட்ட வேண்டாம் என்பது பிரிட்டனின் அறிவுரை. எங்கிருந்தாலும் பின்பற்றத் தக்கது.

7. உங்கள் நாட்டு விதியை அதன் மூலத்திலேயே படியுங்கள்

நண்பர் சொன்ன மாதக் கணக்கு வேறு நாட்டுடையதாக இருக்கலாம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வலிப்பு நோயாளி காரோ பைக்கோ ஓட்டப் பொதுவாக ஓராண்டு வலிப்பில்லாமல் இருக்க வேண்டும். லாரி, பேருந்துக்குப் பத்து ஆண்டு, அதுவும் மருந்தே இல்லாமல். அமெரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும், பெரும்பாலும் மூன்று மாதம் முதல் ஓராண்டுவரை. கலிபோர்னியாவில் மருத்துவரே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவமே வலிப்பு உண்டா, திடீர் நினைவிழப்பு உண்டா என்று கேட்கிறது.

படிக்கும்போது நான்கு இடத்தைக் கவனியுங்கள்: யார் தெரிவிக்க வேண்டும், கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது, தூக்கத்தில் மட்டும் வரும் வலிப்புக்குத் தனி விதி உண்டா, வலிப்பே வராவிட்டாலும் கடுமையான தலைக்காயத்துக்குத் தனிக் காத்திருப்பு உண்டா. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

மாதக் கணக்குக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. அடுத்த ஓராண்டில் வலிப்பு வரும் வாய்ப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் அந்த அளவு சொந்த வண்டிக்கு 20 சதவீதம், கனரக வண்டிக்கு 2 சதவீதம். நாள் முழுக்கச் சாலையில் இருப்பவரின் வண்டி கனமானதும்கூட. ஓட்டுவதே பிழைப்பாக இருப்பவருக்கு இது பெரிய அடி. அதனால் வேறு வேலைக்கான பேச்சை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள், நம்பிக்கையில் வருடங்களை ஓட்டிவிடாதீர்கள்.

மறைத்து ஓட்டி விபத்தானால் காப்பீடு மறுக்கப்படலாம், குற்ற வழக்கும் வரலாம்.

8. ஓட்டும் திறனைத் தனியாகச் சோதியுங்கள்

வலிப்பில்லாத காலம் முடிந்தவுடன் சாவியை எடுப்பது இன்னொரு பெரிய தவறு. தலைக்காயம் வலிப்போடு முடிவதில்லை. முதலில் கண் மருத்துவரிடம் பார்வைப் புலம் சோதியுங்கள். எழுத்துப் பலகையைத் தெளிவாகப் படிப்பவருக்கும் ஒரு பக்கப் பாதிப் பார்வை இல்லாமல் இருக்கலாம். ஒரு பக்கத்தைக் கண் பார்த்தும் மூளை கவனிக்காமல் விடும் நிலையும் உண்டு. கதவு நிலையில் ஒரே தோள் அடிக்கடி இடித்தால், தட்டில் ஒரு பக்கச் சாப்பாடு மிஞ்சினால் அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் கவனம், வேகம், முடிவெடுக்கும் திறனுக்கான சோதனைகளை நரம்பு உளவியலாளரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ செய்வார். கடைசியாகச் சாலையில் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளருடன் ஓட்டம். இந்த வரிசைக்குக் காரணம் பாதுகாப்பு: அறைக்குள் தெரியும் குறையைச் சாலையில் போய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

காயம்பட்டவரின் தன்னம்பிக்கையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். தன் குறையை உணரும் திறனையே முன்மூளைக் காயம் பறித்துவிடலாம். பக்கத்து இருக்கையில் உட்காருபவர் பயப்படுகிறார் என்றால் அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

9. மெதுவாகத் திரும்புங்கள்

எழுத்துப்பூர்வ அனுமதி வந்தபின் முதல் சில வாரங்கள் பகலில், தெரிந்த சாலையில், குறைந்த தூரம், உரிமமுள்ள ஒருவரோடு ஓட்டுங்கள். தலைக்காயத்தின் களைப்பு திடீரென்று இறங்கும்; களைத்த மூளை கவனத்தை இழக்கும். தூங்காத இரவுக்கு மறுநாளும், காய்ச்சல் நாளிலும், மாத்திரை விட்டுப்போன நாளிலும், மருந்தளவு மாறிய புதிதிலும் ஓட்ட வேண்டாம்.

10. மறுபடி வந்தால்

அன்றே ஓட்டுவதை நிறுத்தி, தேதி எழுதி, மருத்துவருக்கும் விதிப்படி உரிம அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். மாத்திரை விட்டதால்தான் வந்தது என்றாலும் பெரும்பாலும் கணக்கு அந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். மருந்தைத் தானாகக் கூட்டாதீர்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துவிட்டு மருத்துவர் மாற்றட்டும்.

ஓட்டும்போதே முன்னறிகுறி தெரிந்தால் உடனே இண்டிகேட்டர் போட்டு ஓரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, சாவியைக் கூட இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தெளிந்தாலும் அங்கிருந்து வண்டியை நீங்கள் எடுக்கக் கூடாது.

கூட இருப்பவர் நேரத்தைப் பார்க்கட்டும், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வலிப்பில் விழுந்து தலையில் மறுபடி அடிபட்டிருந்தால், எவ்வளவு சீக்கிரம் தெளிந்திருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.